பெரிய வியாழனுக்காகக் கால் தேய்த்தவள்

சாம்பல் புதனன்று நெற்றியில் பூசிய சாம்பல் உதிர்வதற்குள் பிலோமினா வீட்டுப் பின்பக்கம் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து கால் தேய்க்கத் தொடங்கிவிட்டாள். காலைப் பூசையில் பாதர் சொன்னதை அவள் காதில் வாங்காமல் இல்லை. "தவக்காலம் முழுசா இருக்குது. ஆண்டவரப் பாக்கறதுக்கு மனசத் தயார் பண்ணுங்க" என்றுதான் அவர் சொன்னார். மனசு தன் பாட்டுக்குத் தயாராகிவிடும் என்று பிலோமினா நினைத்தாள். ஐம்பது வயதுக்கு அதற்கு எத்தனை தவக்காலம் பழக்கம்! இப்போதைக்கு அவசரம் குதிகால்தான்.

வருஷம் தவறாமல் மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு கூழ் ஆலையில் தோல் சீவும் வேலைக்குப் போகிறவள் அவள். ஈரத் தரையில் பொழுதெல்லாம் நின்று நின்று, பழச்சாறு ஊறி ஊறி, குதிகால் இரண்டும் கோடைகாலத்து ஏரி மாதிரி வெடித்திருந்தன. போர்வைக்குள் காலை நீட்டினால் நூல் இழுக்கும். இத்தனை வருஷம் அதை அவள் பொருட்படுத்தியதே இல்லை. புடவைக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள்?

இந்த வருஷம் பார்ப்பார்கள். பெரிய வியாழன் மாலைப் பூசையில், ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்தது போல, பாதர் பன்னிரண்டு பேரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, முழங்காலிட்டு அவர்கள் காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். அந்தக் கோயிலுக்கு உட்பட்ட பங்கில் பன்னிரண்டு அன்பியங்கள். அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் ஜெபம் சொல்லும் குழுவுக்கு அன்பியம் என்று பெயர். அன்பியத்துக்கு ஒருவர் என்று பன்னிரண்டு பேர். இதுவரை ஆண்கள்தான் உட்கார்ந்தார்கள். புதிதாக வந்த பாதர், இந்த வருஷம் பாதிப் பேர் பெண்கள் என்று சொல்லிவிட்டார். அந்தோணியார் அன்பியத்திலிருந்து ஒரு பெண். அந்தோணியார் அன்பியத்துக்குத் தலைவி பிலோமினா.

அதனால்தான் செங்கல் துண்டு. அதற்கு மேல் கல்லுப்பு போட்ட வெந்நீர், அதற்கு மேல் விளக்கெண்ணெய்.

பக்கத்து வீட்டு நாராயணம்மா வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே இதை நாலைந்து நாள் பார்த்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிற பெருமாள் பக்தை. "ஏமம்மா பிலோமினா, காலுக்கு மட்டும் தனியா கல்யாணமா?" என்று கேட்டாள்.

"எங்க கோயில்ல சாமியாரு கால் கழுவுவாரு, நாராயணம்மா. அதுக்குத்தான்."

"அவரு கழுவறதுக்கு நீ ஏம்மா முன்னாடியே கழுவற?"

பிலோமினாவுக்கு அதற்குப் பதில் இருந்தது. விருந்தாளி வருவதற்கு முன்னால் நாம் வீட்டைப் பெருக்குவதில்லையா? ஆனால் நாராயணம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மாட்டோடு பேசப் போய்விட்டாள்.

*

அன்பியக் கூட்டம் மரியதங்கம் வீட்டில் நடந்தது. ஜெபமாலை முடிந்து, பாட்டு முடிந்து, சுண்டல் வரும் நேரத்தில் பிலோமினா தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். "நம்ம அன்பியத்துல இருந்து ஒரு பேர் குடுக்கணும். யாருன்னு நீங்களே சொல்லுங்க."

தலைவி தன் பெயரைத் தானே சொல்ல முடியாது. அது அசிங்கம். இப்படிப்பட்ட காரியங்கள் எப்படி நடக்கும் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும், அல்லது தெரியும் என்று அவள் நம்பினாள். முதலில் அவள் வேறு ஒருவர் பேரைச் சொல்வாள். உடனே நாலு பேர், "அதெல்லாம் ஆகாதுக்கா, நீங்கதான் உக்காரணும்" என்பார்கள். அவள் "சே சே, எனக்கெதுக்கு" என்பாள். அவர்கள் விடமாட்டார்கள். கடைசியில் தட்ட முடியாமல் சம்மதிப்பாள். விருந்துக்குப் போன வீட்டில் இரண்டாம் முறை சோறு வாங்குவது மாதிரி ஒரு முறை அது.

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்காததால் பிலோமினாவே, "நம்ம வினிதா பேரக் குடுக்கலாமா?" என்றாள்.

வினிதா அவளுடைய ஓரகத்தி. கணவன் சின்னப்பனின் தம்பி அமலதாஸின் மனைவி. விருதுநகர்ப் பக்கத்துக்காரி. போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் வேலைக்கு வந்த இடத்தில் அமலதாஸைப் பார்த்து, பிடித்துப்போய், ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு கட்டிக்கொண்டவள். ஞானஸ்நானம் வாங்கி ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. ஷிப்ட் பார்த்துதான் கோயிலுக்கு வருவாள். வந்தாலும் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, கடைசிப் பெஞ்சில் கொட்டாவி விடுவாள். அன்றைக்கும் கூட்டத்துக்கு வரவில்லை, மதிய ஷிப்ட். அவள் பேரைச் சொன்னால்தான் எல்லாரும் சட்டென்று மறுப்பார்கள் என்று பிலோமினா கணக்குப் போட்டாள்.

மரியதங்கம் சுண்டல் தட்டோடு வந்தாள். "அட, நல்ல பேருக்கா! எனக்குத் தோணவே இல்ல பாரு."

"ஆமாங்க, சின்னப் பொண்ணு. புதுசா வந்தவ. சந்தோசப்படும்" என்றார் மூலையிலிருந்து ஒரு பெரியவர்.

"தலைவிக்குத்தான் எத்தினி பெரிய மனசு. நம்மளா இருந்தா நம்ம பேரையே குடுத்திருப்போம்" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். பிலோமினாவும் சிரித்தாள். சுண்டல் வாயில் மணலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தவள் கணவனிடம், "வினிதாவத்தான் போட்டிருக்குது" என்றாள். சின்னப்பன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், பேச்சு குறைவு. "யாரு போட்டது?" என்று கேட்டார். "நான்தான்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

*

யார் மேலாவது பழி போட முடிந்தால் பொறாமை பாதி ஆறிவிடும். பிலோமினாவுக்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது. சொன்ன வாய் அவளுடையது.

ஆனால் பொறாமைக்கு நியாயம் எதற்கு? அது தவக்காலம் முழுக்க அவளோடு ஒருசந்தி இருந்தது. ஒருவேளை சாப்பாட்டோடு அவள் மெலிந்தாள், அது கொழுத்தது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் ஒவ்வொரு தலத்துக்கும் முழங்காலிட்டு எழும்போது அவள் கண் முன்னாலிருந்த ஓரகத்தியின் காலுக்குத்தான் போனது. வினிதாவின் கால்கள் ஒன்றும் அழகானவை அல்ல. நாளெல்லாம் கம்பெனி ஷூவுக்குள் நின்று வெளுத்து, கட்டை விரல் நகம் கறுத்துக் கிடந்தன. அந்த நகத்தைப் பாதர் முத்தமிடப் போகிறார். கோயில் பீடத்துணி பூராவும் மாதாமாதம் துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரி பண்ணிக் கொடுக்கிறவள் இவள். சாவு வீடு என்றால் நடுராத்திரியும் ஜெபம் சொல்ல ஓடுகிறவள் இவள். வினிதா அந்தப் பீடத்துணியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

வினிதா ஞானஸ்நானத்துக்குப் படித்த காலத்திலிருந்தே இது இருந்தது என்று இப்போது தோன்றியது. அப்போதிருந்த பழைய பாதர், "அந்தப் பொண்ணு கேக்கற கேள்வியப் பாருங்க, பரம்பரக் கிறிஸ்தவங்க ஒருத்தரும் கேக்க மாட்டீங்க" என்று பிரசங்கத்திலேயே சொன்னார். பரம்பரைக் கிறிஸ்தவர்கள் ஏன் கேட்க வேண்டும்? அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. திராட்சைத் தோட்டத்தில் காலையிலிருந்து வெயிலில் உழைத்தவனுக்கும் பொழுது சாயும்போது வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த கதையை வாசிக்கிற ஞாயிறு வந்தால், பிலோமினா எப்போதும் காலையில் வந்தவர்கள் கட்சிதான். ஆண்டவர் சொன்ன கதை என்பதால் வாய் திறப்பதில்லை. கூழ் ஆலையில் ஒரு மேஸ்திரி அப்படிச் செய்தால் அன்றைக்கே வேலை நின்றுவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால் வினிதாவே ஒரு நாள் கதவைத் திறந்துவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டிச்சுவர்தான். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, "யக்கா, எனக்குக் கூச்சமா இருக்கு. எம்புட்டுப் பேரு முன்னாடி காலக் காட்டுறது? நீங்களே உக்காந்துருங்களேன்" என்றாள்.

பிலோமினாவின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. ஆனால் வாய் அதற்குள் பழக்கத்துக்குப் போய்விட்டது. "சே சே, பேர் குடுத்தாச்சு. நீதான் உக்காரணும்."

இன்னொரு தடவை கேட்பாள் என்று காத்திருந்தாள். வினிதா தெற்கத்திக்காரி. அவளுக்கு ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். "சரிக்கா, நீங்க சொன்னாச் சரிதான்" என்று சொல்லிவிட்டு, "நகத்துக்குப் பாலிஷ் போடலாமாக்கா?" என்று கேட்டாள்.

"கூடாது" என்றாள் பிலோமினா, தேவைக்கு மேலான வேகத்தோடு.

*

புனித வாரம் வந்தது. குருத்தோலை ஞாயிறு முடிந்து புதன்கிழமை சாயங்காலம் அன்பியத் தலைவிகளின் வாட்ஸப்பில் பாதர் குரல் வந்தது. கிளைக் கிராமத்திலும் வியாழன் பூசை வைக்க வேண்டியிருக்கிறது. அதனால் இங்கே ஏழு மணிப் பூசை ஆறு மணிக்கே தொடங்கும். ஒவ்வொரு தலைவியும் தங்கள் வீடுகளுக்குச் சொல்லிவிடவும். முக்கியமாகக் கால் கழுவ உட்காருகிறவர்களுக்கு.

பிலோமினா முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். ஒரு வீடு விடவில்லை. மரியதங்கம் வீட்டில் சொன்னாள், பெரியவர் வீட்டில் காது கேட்கிற மாதிரி இரண்டு தடவை சொன்னாள். பூட்டியிருந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னாள். திரும்பும்போது கடைசி வீடு ஓரகத்தி வீடு. அமலதாஸ் லாரியோடு ஹூப்ளி போயிருந்தான். உள்ளே விளக்கு எரிந்தது, மிக்ஸி ஓடியது. பிலோமினா வாசலில் ஒரு கணம் நின்றாள். சொந்த வீடுதானே, காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டாள். அப்படிச் சொல்லிக்கொண்டபோதே அது முழு உண்மை இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

வினிதாவுக்கு அந்த வாரம் பகல் ஷிப்ட். சாயங்காலம் சின்னப்பன் ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸிலேயே திரும்புவாள். ஏழு மணிப் பூசை என்றால் குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு போக நேரம் இருக்கும். ஆறு மணி என்றால் பஸ் பாதி வழியில்தான் வந்துகொண்டிருக்கும். முன்னால் வர வேண்டும் என்றால் பர்மிஷன் போட வேண்டும். அதைக் காலையிலேயே சொன்னால்தான் உண்டு. கம்பெனிக்குள் போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். இதெல்லாம் பிலோமினாவுக்கு மனப்பாடம்.

வியாழன் விடிந்தது. சின்னப்பன் முதல் டிரிப்புக்கு எப்போதோ போய்விட்டிருந்தார். பிலோமினா பின்பக்கம் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். குட்டிச்சுவருக்கு மேல் வினிதாவின் தலை தெரிந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள்.

"யக்கா, நான் வாரேன். பூசை ஏழு மணிக்குத்தான?"

பிலோமினாவின் வாயில் நுரை இருந்தது. துப்பிவிட்டுச் சொல்லலாம். துப்ப ஒரு நொடி போதும்.

"ம்" என்றாள்.

தலை மறைந்தது. தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. பிலோமினா வாய் கொப்பளித்தாள், முகம் கழுவினாள், அடுப்பைப் பற்றவைத்தாள். கை எல்லா வேலையையும் சரியாகச் செய்தது. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று பகல் முழுக்கத் தன்னிடம் வாதாடினாள். நாற்காலி காலியாக இருந்தால் யாரோ ஒருவர் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? பாதர் பார்ப்பார், தலைவி இருக்கிறாரே என்பார். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? அவளே கூச்சமாக இருக்கிறது என்றாளே.

பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்தாள். கரை கொஞ்சம் உயரமாக இருக்கும்படி கட்டிக்கொண்டாள்.

*

மதியம் மூன்று மணிக்குப் பாதர் பாவசங்கீர்த்தனத்துக்கு உட்கார்ந்தார். மனதில் கனமான பாவத்தை வைத்துக்கொண்டு, பூசையில் அப்பமாகத் தரும் நன்மையை வாங்கக் கூடாது, முதலில் அதைக் குருவானவரிடம் சொல்லி மன்னிப்புப் பெற வேண்டும் என்பது பிலோமினா நன்மை வாங்கத் தொடங்கிய வயதில் கற்றது. ஆண்டு முழுக்க எப்படி இருந்தாலும் பெரிய வியாழனன்று நன்மை வாங்காமல் அவள் இருந்ததே இல்லை. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வரிசையில் நின்றாள்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. அவள் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கினாள். சாயங்கால ஜெபம் தவறியது. சின்னச் சின்னப் பொய். கோபம். இது வருஷா வருஷம் சொல்கிற பட்டியல். பிறகு பொறாமை. அதையும் சொல்லிவிடலாம், ஓரகத்தி மேல் பொறாமைப்பட்டேன், மன்னியுங்கள். பாதர் கேட்பார்: அதனால் ஏதாவது செய்தாயா?

அந்த இடத்தில் அவள் நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது. செய்தேன் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அது இன்னும் செய்து முடிக்கப்படவில்லை. இப்போது, இந்த நிமிஷம், அது நடந்துகொண்டிருக்கிறது. போச்சம்பள்ளியில் வினிதா ஏழு மணி என்று நம்பி நின்று வேலை செய்துகொண்டிருக்கிறாள். திருடின பொருளை இடுப்பில் செருகிக்கொண்டே திருடியதற்கு மன்னிப்புக் கேட்கப் போகிற மாதிரி இருந்தது.

முன்னால் மூன்று பேர்தான் இருந்தார்கள். பிலோமினா வரிசையை விட்டு வெளியே வந்தாள். "என்னாக்கா, இடம் போயிடும்" என்றாள் பின்னால் நின்றவள். பிலோமினா காதில் வாங்காமல் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து சின்னப்பனுக்குப் போன் போட்டாள். முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். கம்பெனிக்கு வெளியே பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தூங்குகிற நேரம் அவருக்கு. மூன்றாவது தடவை எடுத்தார்.

"என்னாம்மே, இந்நேரத்துல?"

"வினிதாவுக்கு ஒரு சேதி சொல்லணும். பூச ஆறு மணிக்கே ஆரம்பிக்குது. பர்மிஷன் போட்டுகினு இப்பவே கெளம்பி டவுன் பஸ்ல வரச் சொல்லுங்க."

"கேட்டுக்குள்ள என்னை விடமாட்டானே. காலையிலயே சொல்லியிருந்தா ஆவாதா? மறந்துட்டியா?"

மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். பிலோமினா மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மறக்கல. நேத்தே தெரியும். சொல்லல. காலையில கேட்டா, அப்பவும் சொல்லல."



"சரி, வையி. செக்யூரிட்டி பூபதி நம்ம வேப்பனப்பள்ளி ஆளு. அவன வுட்டு சொல்லச் சொல்றேன்" என்றவர் போனை வைக்கவில்லை. "பிலோமி."

"ஆங்."

"ஏன் சொல்லலன்னு அவ கேட்டா நான் என்னா சொல்றது?"

"எங்கிட்ட கேக்கச் சொல்லுங்க."

சேதி உள்ளே போனதா, சூப்பர்வைசர் விட்டாரா என்று தெரிந்துகொள்ளத் திரும்பத் திரும்பப் போன் போட வேண்டியிருந்தது. கடைசியில், "டவுன் பஸ் ஏறிட்டா" என்று சின்னப்பன் சொன்னபோது பிலோமினா ஓட்டமும் நடையுமாகக் கோயிலுக்குள் போனாள். பாவசங்கீர்த்தனப் பெட்டி காலியாக இருந்தது. பூசை முன்னால் வந்துவிட்டதால் பாதர் சீக்கிரமே எழுந்து உடை மாற்றப் போய்விட்டிருந்தார்.

*

பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி. பதினொன்றில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருவர் காலும் பளபளவென்று. மணி ஆறாகப் போகிறது. பன்னிரண்டாவது நாற்காலிக்குப் பின்னால் பிலோமினா அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மரியதங்கம் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து காதில் கிசுகிசுத்தாள். "வினிதா வரலியாக்கா? பாதர் வந்துட்டாரு பாருங்க. நீங்களே உக்காருங்க."

"வருவா."

"எங்க வரப் போறா? அவளுக்கு எப்பவும் ஷிப்ட்தான். நீங்கதான்க்கா உக்காரணும், தலைவி இல்லியா? நான் அன்னிக்கே நெனச்சேன்."

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. அதே வார்த்தை, அதே இழுப்போடு. பக்கத்துப் பெஞ்சிலிருந்தும் தலைகள் ஆமோதித்து ஆடின. பிலோமினாவின் முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது. நாற்காலி முதுகை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"பஸ் ஏறிட்டா. வருவா. நீ போயி உக்காரு, மரியதங்கம்."

வருகைப் பாட்டு முடிந்தது, வாசகம் முடிந்தது. நாற்காலி காலியாகவே இருந்தது. பிரசங்கத்தில் பாதர் என்ன சொன்னார் என்று பிலோமினாவுக்குத் தெரியாது. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்துவிட வேண்டும் என்று ஒரு மனசு ஜெபித்தது. பஸ் பஞ்சர் ஆகட்டும் என்று இன்னொரு மனசு அதே ஜெபப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. இரண்டில் எது தன்னுடையது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிரசங்கம் முடிகிற நேரத்தில் வினிதா பக்கவாட்டு வாசலில் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்தாள். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அட்டை, முகமெல்லாம் வேர்வை. பிலோமினாவின் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள். "நல்லவேளைக்கா! நீங்க மட்டும் போன் பண்ணலைன்னா என் மானமே போயிருக்கும்." மூன்று பெஞ்சுக்குக் கேட்டது. மூன்று பெஞ்சும் பிலோமினாவை மெச்சிப் பார்த்தன.

"போ. போயி உக்காரு" என்றாள் பிலோமினா. கையை உருவிக்கொண்டாள்.

பாதர் மேலங்கியைக் கழற்றிவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முழங்காலிட்டார். ஒவ்வொரு காலாக நகர்ந்து வந்தார். வினிதாவின் காலில் தண்ணீர் விழுந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கறுத்த நகத்தைப் பாதர் துடைத்தார், குனிந்து முத்தமிட்டார். பிலோமினா தூணோரம் நின்று ஒன்றுவிடாமல் பார்த்தாள். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால் பொறாமை போய்விடும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். போகவில்லை. மீன் முள்ளைப் போல அதே இடத்தில் குத்திக்கொண்டு இருந்தது.

நன்மை நேரம் வந்தது. பெஞ்சு பெஞ்சாக எழுந்து வரிசை கட்டினார்கள். பெஞ்சுக்குத் திரும்பியிருந்த பிலோமினா எழவில்லை. அவளைத் தாண்டிப் போக வேண்டியவர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். அந்தோணியார் அன்பியத் தலைவி பெரிய வியாழனன்று நன்மைக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பதை முழுக் கோயிலும் பார்த்தது. மரியதங்கம் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை பார்த்தாள்.

*

வீட்டுக்கு நடந்து வரும்போது வினிதா கேட்டாள். "ஏங்க்கா நன்மை வாங்கலை? மேலுக்கு முடியலையா?"

"மேலுக்கு நல்லாத்தான் இருக்குது." பிலோமினா நடையை நிறுத்தினாள். நடந்துகொண்டே சொல்லக்கூடியதாக அது இல்லை. "பூச ஆறு மணின்னு எனக்கு நேத்தே தெரியும், வினிதா. எல்லா வூட்டுக்கும் சொன்னேன். உனக்கு மட்டும் சொல்லல."

வினிதாவுக்கு முதலில் புரியவில்லை. "மறந்துட்டீகளா?"

"இல்ல."

"காலைல கேட்டனே. நீங்க 'ம்'முன்னீகளே."

"ஆமா."

"எதுக்குக்கா?"

"பொறாம." அந்தச் சொல்லை அவள் பாவசங்கீர்த்தனப் பெட்டிக்கு வெளியே ஒருநாளும் சொன்னதில்லை. தெருவில் சொல்லும்போது அது பெட்டிக்குள் இருப்பதைவிட அசிங்கமாகக் கேட்டது. "எனக்கு அந்த நாற்காலில உக்காரணும்னு ஆச. உன் பேர நான் சும்மா ஒப்புக்குத்தான் சொன்னேன். எல்லாரும் வேணாம்பாங்கன்னு நெனச்சேன்."

 "நான்தான் அன்னைக்கே உங்கள உக்காரச் சொன்னனே. எனக்கு என்ன ஆசையாக்கா இருந்துச்சு? பெறகுதான் ஆசையாப் போச்சு. எங்க அக்காவே என் பேரச் சொன்னாகன்னு எங்கம்மாகிட்டக்கூட போன்ல சொன்னேன். வாக்கப்பட்ட எடத்துல எனக்கு மரியாதை இருக்குன்னு அவுக அழுதாக." குரல் உடைந்தது, ஆனால் அவள் அழவில்லை. "ஒப்புக்குச் சொன்னீகளாக்கும்."

விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். பிலோமினா பத்தடி பின்னாலேயே வந்தாள். எட்டிப் பிடிக்க அவளுக்குத் துணிவில்லை.

பெரிய வெள்ளியன்று கோயிலில் வினிதா வேறு வரிசையில் உட்கார்ந்தாள். சிலுவையை முத்தமிட வந்தபோது இருவர் தோளும் உரசிக்கொண்டன. வினிதா திரும்பிப் பார்க்கவில்லை. வழிபாடு முடிந்து கோயிலில் ஊற்றும் கஞ்சியை வாங்கும் இடத்தில் மரியதங்கம், "என்னாக்கா, நேத்து நன்மைக்கு வரல?" என்று மெல்ல ஆரம்பித்தாள். "போவக்கூடாத நெலமையில இருந்தேன்" என்றாள் பிலோமினா. மரியதங்கம் கஞ்சியை ஊதிக் குடிப்பதில் மும்முரமாகிவிட்டாள். அன்று சின்னப்பன்தான் தம்பி மனைவிக்கு டிபன் பாக்ஸில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, "வாங்கிகினா" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் பிலோமினா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குட்டிச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"யக்கா."

"ஆங்."

"பாதர் மூணு மணிக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கு உக்காராராம். மரியதங்கம் அக்கா சொன்னாக."

"எனக்கும் மெசேஜ் வந்துது."

"வந்திருக்கும். இருந்தாலும் நான் சொல்லணும்ல? பெறகு சொல்லலைன்னு ஆயிரக் கூடாது பாருங்க."

அது குத்தல்தான். பிலோமினா குத்தலை வாங்கிக்கொண்டாள். அதைக் கொண்டுவந்து கொடுக்க அவள் சுவர் வரைக்கும் வந்திருக்கிறாளே. "நீயும் வர்றியா? சேந்து போலாம்" என்று கேட்டாள்.

"நான் வரலை. எனக்கு இன்னும் கோவம் தீரலை. ராத்திரி ஈஸ்டர் பூசைக்கு வேணா பாப்போம்."

கோயில் வரிசையில் அன்று கூட்டமில்லை. பிலோமினா முழங்காலிட்டு மரச்சட்டத்தின் ஓட்டைகளுக்கு முன்னால் முகத்தைக் கொண்டுபோனாள். பாதர் ஆசீர்வாதம் சொல்லிவிட்டு, "சொல்லும்மா" என்றார். சாயங்கால ஜெபம் தவறியதில் தொடங்கித்தான் அவளுக்குப் பழக்கம். அதை ஒதுக்கிவைத்தாள்.

"சாமி, எனக்கு என் ஓரகத்தி மேல பொறாம" என்றாள். "அவளுக்கு ஒரு துரோகம் பண்ணேன். அவகிட்ட சொல்லிட்டேன். பொறாம மட்டும் இன்னும் இருக்குது."